ஒரு தொன் குளிர்

மாலைதீவுக் கடலில் உல்லாசப் படகு ஒன்றை வாடகைக்கு விடும் முயற்சியில் இறங்கியிருக்கும் பழைய நண்பர் ஒருவர், அண்மையில் தொலைபேசியில் பேசினார். படகின் அறைகளுக்குக் குளிரூட்டி பொருத்தவேண்டும். ஒரு விற்பனையாளர் இரண்டு தொன் போதும் என்கிறாராம். மற்றவர் நான்கு தொன் வேண்டும் என்கிறாராம். “பெரியதை வாங்கினால் பிழையில்லைத்தானே?” என்று கேட்டார்.

பத்திரிகைக்காரனிடம் கேட்கவேண்டிய கேள்வியன்று. ஆனால் ‘தொன்’ என்ற அந்தச் சொல்லுக்குள் ஒரு வரலாறு உறைந்து கிடக்கிறது.

அது இயந்திரத்தின் எடையன்று. 2,000 இறாத்தல் பனிக்கட்டி 24 மணித்தியாலத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அதுவே ஒரு தொன் குளிர். மணித்தியாலக் கணக்கில் 12,000 பி.ரி.யு. குளிரூட்டும் இயந்திரங்கள் சந்தைக்கு வந்த காலத்தில் அவற்றின் போட்டியாளன் பனிக்கட்டிதான். ஆகவே வாங்குவோருக்கு விளங்கிய அளவும் பனிக்கட்டியாகவே இருந்தது.

அந்தப் பனிக்கட்டியைக் கடல்கடந்த வணிகமாக்கியவர் பொஸ்டன் நகரத்து பிரெடெரிக் ரியூடர். 1806 இல் மேற்கிந்தியத் தீவான மார்ட்டினிக்கிற்கு அவர் அனுப்பிய முதற் சரக்கு நட்டத்தில் முடிந்தது. ஆனால் 1833 இல் ‘ரஸ்கனி’ என்ற பாய்க்கப்பல், ஏறத்தாழ 180 தொன் பனிக்கட்டியுடன் பொஸ்டனிலிருந்து புறப்பட்டு, பூமத்திய ரேகையை இருமுறை கடந்து, நான்கு மாதங்களின் பின் கல்கத்தாவை அடைந்தது. அப்போதும் சுமார் 100 தொன் எஞ்சியிருந்தது. சென்னைக் கடற்கரையில் ‘ஐஸ் ஹவுஸ்’ எழுந்ததும் இந்த வணிகத்திற்காகவே. 1897 இல் சுவாமி விவேகானந்தர் தங்கிச்சென்ற அக்கட்டடம் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது.

ரஸ்கனியில் குளிரூட்டும் இயந்திரம் எதுவும் இருக்கவில்லை. வெப்பம் உள்ளே வராதபடி காப்பிடப்பட்ட சரக்கறைதான் அதன் இரகசியம். குளிரை உண்டாக்குவதற்கு முன் வெப்பத்தைத் தடுக்கவேண்டும் என்பது அந்தக் கப்பல் தந்த முதற்பாடம்.

இரண்டாவது பாடம் என் தொழிலோடு தொடர்புடையது. 1902 இல் நியூயோர்க்கின் புரூக்ளினில் இருந்த வர்ண அச்சகம் ஒன்றில், காற்றின் ஈரப்பதத்தால் தாள் விரிந்து சுருங்கி, வர்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் விலகின. அதற்குத் தீர்வு காண வில்லிஸ் கரியர் என்ற இளம் பொறியியலாளர் வடிவமைத்ததே நவீன குளிரூட்டியின் தொடக்கம் எனக் கருதப்படுகிறது. அது மனிதனின் சுகத்திற்காகப் பிறந்ததன்று. தாளிலிருந்து ஈரத்தை விலக்கப் பிறந்தது. மழைக்காலத்தில் அச்சுக்கூடத்தில் தாள் நெளிவதைக் கண்டவர்களுக்கு அதன் அருமை புரியும்.

இந்த இரண்டு பாடங்களுமே நண்பரின் கேள்விக்கு விடையாகின்றன. தேவைக்கு மிஞ்சிய பெரிய குளிரூட்டி, அறையைச் சில நிமிடங்களில் குளிரவைத்து நின்றுவிடும். ஈரத்தை இழுப்பதற்கு அதற்கு அவகாசம் இல்லை. குளிர்ந்தும் புழுங்கும் அந்த அறையில் மெத்தையிலும் பலகையிலும் பூஞ்சணம் படரும். சிறிய குளிரூட்டியோ ஓயாது ஓடியும் தோற்றுப்போகும்.

கடலுக்கே உரிய சிக்கல்களும் உண்டு. படகுக் குளிரூட்டி, அறையிலிருந்து எடுத்த வெப்பத்தைப் பெரும்பாலும் கடல்நீரிடமே ஒப்படைக்கிறது. குளிர்ந்த கடலில் சிறப்பாக இயங்கும் இயந்திரம், 28 பாகை செல்சியசுக்கு மேலான நம் கடல்களில் அதே வலுவைக் காட்டாது. நீரை இழுக்கும் பம்பி வழமையாக நீர்மட்டத்திற்குக் கீழே இருக்கவேண்டும். படகின் மின்பிறப்பாக்கி, குளிரூட்டி இயங்கத் தொடங்கும் கணத்து மின்சுமையையும் தாங்கவேண்டும்.

இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு நண்பரிடம் ஒரேயொரு கேள்வி கேட்டேன். “அந்த இருவரில் எவராவது படகிற்கு வந்து, வெயில் விழும் கண்ணாடிகளை அளந்தார்களா?”

சற்றுநேரம் மௌனம். பின்னர், “இல்லை” என்றார்.

அப்படியானால் இரண்டு தொன்னும் நான்கு தொன்னும் வெறும் ஊகங்களே. முதலில் மேற்தளத்திற்கு நிழலும் கண்ணாடிக்குத் திரையும் இடுங்கள். கணக்கை அதன் பின் போடுங்கள் என்றேன். ரஸ்கனியின் சரக்கறையை அமைத்தவர்களும் அந்த வரிசையில்தான் சிந்தித்திருக்கவேண்டும்.