தேற்றாங்கொட்டையும் சாயக்கழிவும்

கலங்கிய நீரைத் தெளியவைத்துப் பருகும் வழியை நம் முன்னோர் நெடுங்காலத்திற்கு முன்பே அறிந்திருந்தனர். தேற்றாங்கொட்டையை மண்குடத்தின் உட்புறத்தில் தேய்த்து, அதில் ஆற்றுநீரை ஊற்றி வைப்பர். சேறு அடியில் படியும், மேல்நீர் தெளியும். பிரிவால் கலங்கிய பெண்ணொருத்தியின் உள்ளம் காதலன் வந்ததும் தெளிந்ததற்கு, இவ்வாறு தெளிந்த நீரையே கலித்தொகை உவமையாக்குகிறது. உவமையின் நயத்தைக் கூறிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுவது எங்களைப் போன்ற ஆசிரியர்களின் வழக்கம். நீர் ஏன் தெளிந்தது என்று வகுப்பில் எவரும் கேட்பதில்லை. மாணவச் செல்வங்களே, இன்று அதைக் கேட்போம். அக்கேள்வி நம்மைத் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் வரை இட்டுச் செல்லும்.

நீரில் மிதக்கும் நுண்ணிய களிமண் துகள்கள் எளிதில் படிவதில்லை. அவை பெரும்பாலும் எதிர்மின் ஏற்றம் உடையவை. ஆதலால் ஒன்றையொன்று தள்ளி விலகி நிற்கின்றன. நேர்மின் ஏற்றம் மிகுந்த அயனிகள் இவ்விலக்கத்தை மிக எளிதில் போக்கும் என்பதை 1882இல் ஷூல்ட்சே என்ற ஜெர்மானியரும், 1900இல் ஹார்டி என்ற ஆங்கிலேயரும் புலப்படுத்தினர். மூன்று மடங்கு ஏற்றமுள்ள அலுமினிய அயனியைத் தரும் படிகாரத்தின் ஆற்றல் இதனால் ஓரளவு விளங்கிற்று.

தேற்றாங்கொட்டையில் இருப்பதோ வேறு. சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலி போலக் கோத்த நெடிய பொருள்கள் அதில் உள்ளன. இத்தகைய நெடுஞ்சங்கிலிப் பொருளையே பாலிமர் என்கிறோம். ஒரே சங்கிலி பல துகள்களில் ஒட்டிக்கொண்டு அவற்றிடையே பாலம் அமைக்கிறது என்ற விளக்கத்தை, களிமண்ணை ஆராய்ந்த ருயர்வைன், வார்டு என்னும் இருவர் 1952இல் வெளியிட்டனர். அந்தப் பத்தாண்டிலேயே பாலிஅக்ரிலமைடு என்னும் செயற்கைப் பாலிமர் சுரங்கத் தொழிலில் புகுந்தது. பின்னர் ஆலைக் கழிவுநீருக்கும் வந்தது. ஒரு லிட்டர் நீருக்குச் சில மில்லிகிராம் போதும்; துகள்கள் பஞ்சுத் திரள்போல் கூடி விரைந்து இறங்கும். ஆனால் பக்குவம் வேண்டும். வேகமாகக் கலக்கிக்கொண்டே இருந்தால் திரள் உடைந்துவிடும். அளவு மிஞ்சினாலோ ஒவ்வொரு துகளையும் பாலிமரே போர்த்திக்கொள்ளும். பாலம் அமைய இடமிராது. தெளிய வேண்டிய நீர் மீண்டும் கலங்கும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதை ஆய்வுக்கூடத்திலேயே கண்டுவிடலாம்!

திருப்பூரில் சாயநீரைச் சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் இட்டு, பின் பாலிமர் சேர்த்துத் தெளிவித்தனர். நிறம் பெரிதும் குறைந்தது. அந்நீர் நொய்யலில் கலந்தது. இடர் அங்கேதான் ஒளிந்திருந்தது. பருத்தியில் சாயம் ஏறுவதற்காக இடப்படும் உப்பு, நீரில் துகளாக மிதப்பதன்று. முற்றிலும் கரைந்து நிற்பது. துகளைப் பிடிக்கும் சங்கிலிக்கு அது அகப்படவே இல்லை. கண்ணுக்குத் தெளிந்த நீர் வயலுக்கு உவர்நீராகவே சென்றது. பாசனத்திற்கென 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய நீர் சில ஆண்டுகளிலேயே பயிருக்கு உதவாததாயிற்று. அணை கேட்ட உழவர்களே அதன் நீரைத் திறக்க வேண்டாம் என்று கூறும் நிலை வந்ததை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

வழக்குகள் நடந்தன. கழிவுநீரைச் சிறிதும் வெளியே விடலாகாது என்ற ஆணை நிறைவேறாமையால், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடுமாறு உத்தரவிட்டது. பின்னர் நுண்சவ்வு வழியே நீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் முறையோடு அவை மீண்டும் இயங்கலாயின. துகள் மிகுந்த நீர் அச்சவ்வை அடைத்துவிடும். ஆகவே துகளை முன்னதாகவே அகற்றியாக வேண்டியிருக்கிறது. குடத்தில் கொட்டை செய்த வேலை இப்போது அங்கே முதற்படி. சவ்வில் பிரிந்த உப்புநீரைக் காய்ச்சினால் நீர் ஆவியாகிறது. சாயத்திற்கு மீண்டும் பயன்படும் உப்பு ஒருபுறம் கிடைக்க, எதற்கும் ஆகாத கலப்புப்பு மூட்டை மூட்டையாய் எஞ்சுகிறது.