மண்ணுக்குள்ள சீனக் கோப்பை, மானிப்பாயில தமிழ் டொக்டர்

அல்லைப்பிட்டி எண்டு இணையத்தில தேடிப் பாருங்கோ. முதலில வாறது 2006. அந்த வருசம் மே 13ஆம் திகதி இரவு அல்லைப்பிட்டியிலும் அயலிலும் குழந்தைகள் உட்பட 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஓகஸ்டில், பிலிப்பு நேரியார் ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்த சனங்கள் மேல் ஷெல் விழுந்தது. சில நாளில் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் காணாமற்போனார். இதையெல்லாம் மறக்கச் சொல்லி யாரும் எங்களைக் கேட்கேலாது. ஆனா யாழ்ப்பாண நகரத்தில இருந்து பண்ணைப் பாலம் தாண்டி வேலணைத் தீவுக்குள்ள நுழையேக்க முதல் வாற இந்த ஊருக்கு, அந்த ஒரு வருசம் மட்டும்தான் வரலாறா?

1977இல் இந்த ஊர் மண்ணுக்குள்ள இருந்து சீன மட்பாண்டத் துண்டுகள் வெளியில வந்தன. ஜோன் கார்ஸ்வெல் என்ற ஆய்வாளர் அவற்றை ஆராய்ந்தார். 1980இல் முறையான அகழ்வு நடந்தது. கிடைத்தவை ஏறக்குறைய 900 வருசத்துக்கு முந்தியவை. சீனாவில் சொங் அரச வம்சம் ஆண்ட காலத்தவை. தென்சீனாவின் குவாங்டொங், புஜியான் பக்கத்துச் சூளைகளில் சுட்ட கோப்பைகளும் சாடிகளும் கப்பலேறி, இந்தக் கரையில இறங்கியிருக்கின்றன. 2018இல் ஷாங்காய் அருங்காட்சியகத்து ஆய்வாளர்கள் வந்து, இலங்கை ஆய்வாளர்களோட சேர்ந்து திரும்பவும் தோண்டினார்கள். எங்கட ஊர் மண்ணில என்ன இருக்கெண்டு பார்க்க ஷாங்காயில இருந்து ஆக்கள் வந்தார்கள். அயலில இருக்கிற பெடியள் எத்தினை பேருக்கு அது தெரியும்?

இதோட சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு சான்று நயினாதீவில இருக்கு. நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள கல்வெட்டு அது. பொலன்னறுவையில் இருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு போட்ட கட்டளை. மொழி தமிழ். பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதைப் பதிப்பித்து வெளியிட்டார். விசயம் இதுதான்: பரதேசத்து வணிகர்கள் ஊராத்துறையில வந்து இறங்கலாம், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. யானையும் குதிரையும் கொண்டு வந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசனுக்கு, மிச்சம் சொந்தக்காரனுக்கு. சாதாரணச் சரக்குக் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. ஊராத்துறை எண்டது இண்டைக்கு நாங்கள் ஊர்காவற்துறை எண்டு சொல்லுற இடம்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ. சிங்கள அரசன் ஒருவன், துறைமுகத்தில புழங்கிற ஆக்களுக்கு விளங்க வேணும் எண்டு தமிழில சட்டம் எழுதி வைச்சிருக்கிறான். கப்பல் காப்புறுதி பற்றிப் படிக்கிற ஒரு மாணவிக்கு, இனங்களுக்கு இடையிலான உறவு பற்றிக் கதைக்கிற ஒரு இளைஞனுக்கு, இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்? ஆனா இதை ஒரு பாடமா தீவுப்பகுதிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்க ஒரு இடம் வேணுமே.

அப்பிடியான இடத்துக்கு உலகத்தில ஒரு பெயர் இருக்கு: சமுதாயக் கல்லூரி. அமெரிக்காவில ஜோலியற் என்ற ஊரில் 1901இல் தொடங்கியதை இவற்றில் முதலாவதாகச் சொல்லுவார்கள். பல்கலைக்கழகத்துக்குப் போக ஏலாத பிள்ளை, வீட்டில இருந்து வந்து போய், ஒண்டு இரண்டு வருசம் படிக்கிற கல்லூரி. தமிழ்நாட்டுப் பக்கம் இந்த யோசனை 1990களின் நடுப்பகுதியில் வந்தது. புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1995இல் ஒன்றைத் தொடங்கியது, அடுத்த வருசம் சென்னையில் ஒன்று தொடங்கியது. நோயாளரைப் பராமரிக்கிற சுகாதார உதவியாளர் படிப்பு அங்கே அதிகம் பேர் சேருற படிப்புகளில் ஒண்டு. வரலாறும் சுகாதாரமும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கிறது அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில சாதாரணம். எங்களுக்கு இது புதுசு மாதிரித் தெரியலாம். ஆனா சுகாதாரப் பாதி யாழ்ப்பாணத்தில 170 வருசத்துக்கு முந்தியே நடந்திருக்கு.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். மிசன் வைத்தியராக 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த வருசமே மானிப்பாயில் வைத்தியம் பார்க்கவும், உள்ளூர்ப் பெடியளுக்கு வைத்தியம் படிப்பிக்கவும் தொடங்கினார். இலங்கையில் மேற்கு வைத்தியத்தைக் கற்பித்த முதல் பள்ளி இதுதான். கொழும்பு மருத்துவப் பள்ளி தொடங்கினது 1870இல். தொடக்கத்தில பாடம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. இடையில் ஊருக்குப் போய் 1862இல் திரும்பி வந்த கிறீன், பிறகு பாடத்தைத் தமிழுக்கு மாற்றினார். 1873இல் அவர் திரும்பிப் போக முதல், எல்லாமாக 60க்கு மேற்பட்டவர்கள் அவரிடம் வைத்தியம் படித்து முடித்திருந்தார்கள்.

தமிழில படிப்பிக்கப் புத்தகம் வேணும். அவரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து மொழிபெயர்த்தார்கள். அறுவை மருத்துவத்துக்கு இரணவைத்தியம் 1867இல் வந்தது. உடற்கூற்றியலுக்கு மனுஷ அங்காதிபாதம், பொது மருத்துவத்துக்கு வைத்தியாகரம், இரண்டும் 1872இல். வேதியியலுக்கு அவர்கள் வைத்த பெயர் கெமிஸ்தம். அது 1875இல் வந்தது. இந்தப் பெயரைக் கேட்டுச் சிரிப்பு வரும். ஆனா கெமிஸ்ற்றி என்ற சொல்லைத் தமிழ்ச் சொல் மாதிரி வளைச்சு எடுத்த துணிச்சலைக் கவனியுங்கோ. சொல் இல்லை எண்டு அவர்கள் நிண்டுவிடேல்லை.

ஏன் தமிழ்? கிறீன் சொன்ன காரணம் பாசமில்லை, கணக்கு. ஆங்கிலத்தில படிச்ச வைத்தியர் அரசாங்க வேலை தேடி ஊரை விட்டுப் போயிடுவார். தமிழில படிச்சவர் ஊரிலயே இருப்பார், ஊர்ச் சனத்துக்கு விளங்கிற மாதிரிக் கதைப்பார். இண்டைக்குத் தீவுப்பகுதி ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் போட்டாலும் நிக்கினமில்லை எண்டு நாங்கள் சொல்லுற அதே பிரச்சினை.

இதில மறைக்கக் கூடாத மற்றப் பக்கமும் இருக்கு. தமிழுக்கு மாற்றினதை மாணவர்களும் பெற்றோரும் விரும்பேல்லை. அவர்களைக் குறை சொல்லவும் ஏலாது. அரச வேலையும் சம்பளமும் மரியாதையும் ஆங்கிலத்தோட இருந்தது. கிறீன் போன பிறகு தமிழ்வழி வைத்தியக் கல்வி நீடிக்கவில்லை. புத்தகங்கள் மிஞ்சின, படிப்பு நிண்டு போச்சு. இந்தக் கதையை நாங்கள் தமிழ்ப் பெருமையா மட்டும் சொல்லிக்கொண்டு வாறம். எனக்கு அதில தெரியிறது ஒரு எச்சரிக்கை: ஊருக்குத் தேவையான படிப்பு எண்டாலும், அந்தப் பத்திரத்துக்கு வெளியில மதிப்பு இல்லையெண்டா பிள்ளைகள் வரமாட்டினம்.

வரலாறும் சுகாதாரமும் ஏன் ஒண்டா எண்டு கேட்பீர்கள். ஊர்காவற்துறைக்கும் காரைநகருக்கும் நடுவில கடலுக்குள்ள நிக்கிற கடற்கோட்டையைப் பாருங்கோ. ஒல்லாந்தர் அதுக்கு வைச்ச பெயர் ஹம்மன்ஹீல். பிரித்தானியர் காலத்தில அது தொற்றுநோயாளரைத் தனிமைப்படுத்தி வைச்ச இடம். 1971 கிளர்ச்சிக் காலத்தில றோகண விஜேவீர அங்கே சிறையில இருந்தார். இப்ப கடற்படை நடத்திற விடுதி. கப்பல் வாற துறையில சரக்கும் வரும், நோயும் வரும். அந்தக் கோட்டைக்கு ஒரு நாள் கூட்டிக்கொண்டு போனால் வரலாற்று மாணவருக்கும் சுகாதார மாணவருக்கும் ஒரே பாடம்தான்.

அப்ப என்ன செய்யலாம்? புதுக் கட்டடம் வேணும் எண்டு நான் கேட்கேல்லை. வேலணையிலயோ ஊர்காவற்துறையிலயோ ஒரு பாடசாலையின் பின்னேர வகுப்பறை காணும். சுகாதாரப் பாடத்தில கிணற்றுத் தண்ணி உவராகிறது, வயிற்றோட்டத்துக்கு ஜீவனி கரைக்கிறது, பிறஷருக்கும் சலரோகத்துக்கும் கிளினிக் தவறாமப் போறது, படுக்கையில கிடக்கிற முதியவரைப் பார்க்கிறது, நெடுந்தீவில இருந்து ஒரு கர்ப்பிணியைப் படகில குறிகட்டுவானுக்குக் கொண்டு வாறது. ஊரில வேலை செய்யிற குடும்பநல உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் இதுக்கு நல்ல ஆசிரியர்கள். வரலாற்றுப் பாடத்தில ஓட்டுத் துண்டைக் கையில எடுத்துக் காலம் கணிக்கிறது, கல்வெட்டு வாசிக்கிறது, பெரிய ஆக்களின் ஞாபகங்களைப் பதிவு செய்யிறது. அந்தப் பதிவில 2006உம் வரும், மண்ணுக்குள்ள இருந்த கோப்பையும் வரும்.

படிப்பு தமிழில, பத்திரம் தேசியத் தொழிற்தகைமைச் சட்டகத்துக்குள்ள. இந்த இரண்டாவது பாதிதான் மானிப்பாயில விடுபட்டது. அது இல்லாம மற்றதைக் கேட்டால் எங்கட பிள்ளைகளை ஊருக்காகத் தியாகம் செய்யச் சொல்லுறது மாதிரித்தான் போய் முடியும். 1860களில அந்தப் பெற்றோர் மறுத்த மாதிரி இண்டைக்கும் மறுப்பினம். பிரதேச சபையிலயோ பல்கலைக்கழகத்திலயோ தொழிற்பயிற்சி அதிகாரசபையிலயோ ஆரையாவது தெரிஞ்ச ஆக்கள் இதை வாசிச்சால், முதல் கேட்க வேண்டிய கேள்வி அந்தப் பத்திரம் பற்றினதுதான்.