உப்புக்கண்டம்

உப்புக்கண்டம் என்பது உப்பும் மஞ்சளும் பிசறி வெயிலில் உலர்த்திப் பத்திரப்படுத்தும் இறைச்சி; பெரும்பாலும் ஆட்டுக்கறி. குளிர்சாதனப் பெட்டி வராத காலத்தில் தமிழகத்துக் கிராமங்களில் கிடா வெட்டிய வீட்டில் மிஞ்சிய கறி இப்படித்தான் மாதக்கணக்கில் கெடாமல் இருந்தது. ஐரோப்பியரின் பேக்கன் இதற்குத் தூரத்து உறவு. அது பன்றிக்கறி, இது ஆட்டுக்கறி. இரண்டையும் காப்பது உப்புதான்.

எலும்பும் கொழுப்பும் நீக்கிய கறியை விரற்கனத்துக்கும் குறைவாக, நீள வார்களாக அரிவார்கள். கல்லுப்பு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் சேர்த்துப் பிசறி ஊறவிட்டு, பிறகு கோணி ஊசியால் நூலில் கோத்துக் கொடியில் தொங்கவிடுவார்கள். சிலர் பூண்டும் அரைத்துச் சேர்ப்பதுண்டு. ஈ மொய்க்காமல் மெல்லிய துணி போர்த்தி, பொழுது சாய்ந்ததும் உள்ளே எடுத்துவிட வேண்டும். பனி இறங்கினால் பூசணம் பிடிக்கும். வார் சுள்ளி போல் விறைக்கும்வரை காய்ந்தால்தான் பானைக்குள் போகும்.

உப்பு கறியின் ஈரத்தை வெளியே இழுக்கிறது, வெயில் அதை வற்றடிக்கிறது. நீர் கிடைக்காத நுண்ணுயிர் பெருக முடியாது. அதனால் பருவம் பார்த்தே இதைத் தொடங்க வேண்டும். புதுச்சேரியின் கரியமாணிக்கம், பாகூர் வட்டாரத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது போட்ட கறி காய்வதற்குள் நாறிவிடும். மாசிக்கு மேல்தான் நம்பிப் போடலாம்.

கொழுப்புள்ள பன்றிக்கறி இந்த முறைக்கு ஒத்துவராது. கொழுப்பு வெயிலில் உருகிக் காற்றுபட்டுச் சிக்கு வாடை அடிக்கும். பேக்கனைக் குளிரில் உப்பும் நைட்ரைட்டும் இட்டுப் பதப்படுத்துகிறார்கள்; அதன் இளஞ்சிவப்பு நிறம் நைட்ரைட் தருவது. நாகாலாந்தில் பன்றிக்கறியை அடுப்புக்கு மேல் தொங்கவிட்டுப் புகையூட்டுவார்கள். கோவாவின் பன்றித் தொத்திறைச்சியான சோரிசோவுக்கோ உப்போடு வினிகரும் மிளகாயும் காவல்.

சமைக்கும்போது உப்புக்கண்டத்தை வெந்நீரில் அலசி, அம்மியில் லேசாகத் தட்டி, நல்லெண்ணெயில் சிறுதீயில் பொரிக்க வேண்டும். சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் போதும். மறந்தும் உப்புப் போடக் கூடாது. பழைய சோற்றுக்கு இதைவிடப் பொருத்தமான துணை அரிது. கத்தரிக்காய்க் குழம்பிலும் போடலாம். பேக்கனுக்கு எண்ணெயே வேண்டாம். சூடேறாத வாணலியில் துண்டுகளைப் பரப்பி, பிறகு மெல்லத் தீ வைத்தால் கொழுப்பு உருகி அதிலேயே முறுகும். எடுத்ததும் சூடான வாணலியில் போட்டால் ஓரம் கருகி நடுவில் கொழுப்பு வேகாமல் நிற்கும். கடையில் வாங்கும் பேக்கன் பெரும்பாலும் பச்சைக்கறியே, ஆகவே நன்றாக வேகவைத்துத்தான் உண்ண வேண்டும்.

2015 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. நாள்தோறும் 50 கிராம் உண்போருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது என்றும் கணித்தது. உப்பிட்டுப் பதப்படுத்துவதும் அந்த வரையறைக்குள் வருவதால் உப்புக்கண்டத்துக்கு விலக்கில்லை. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கோ உப்பே போதுமான எச்சரிக்கை: எவ்வளவு அலசினாலும் கறிக்குள் இறங்கிய உப்பு முழுதாக வெளியேறாது.