கொட்டை எழுத்தின் வரலாறு

"பத்திரிகையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது" என்று சொல்வது நம் மக்கள் வழக்கு. செய்தி இன்னதென்று கூறுமுன்னரே எழுத்தின் பருமனைக் கூறிவிடுகிறோம். அத்துணைச் சிறப்புடைய தலைப்பெழுத்து எவ்வாறு உருவாயிற்று, அதனால் நமக்கு ஆகும் பயன் யாது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

ஆங்கில நாளிதழ் ஒன்றின் தலைப்பை உற்று நோக்கினால், எழுத்தின் கோடுகள் முடியும் இடத்தில் சிறு பாதம் போன்றதோர் உறுப்பு நீண்டிருக்கக் காணலாம். அதனைச் 'செரிப்' என்பர். ரோம் நகரில் கி.பி. 113-இல் நிறுவப்பெற்ற டிராஜன் தூணின் கல்வெட்டிலேயே இவ்வுறுப்பு செம்மையாக அமைந்துள்ளது. தமிழ் எழுத்துக்கு இத்தகைய பாதம் இயல்பன்று. நம் முன்னோர் பனையோலையில் எழுத்தாணியால் எழுதினர். எழுத்தாணி கீறும் கோடு எங்கும் ஒரே பருமனுடையது; தடித்தலும் மெலிதலும் அதற்கில்லை. கருவி வேறாதலின் வடிவமும் வேறாயிற்று.

இவ்வோலை எழுத்து ஈய அச்சாக மாறிய இடங்களுள் ஒன்று கேரளத்துக் கொல்லம் என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கது. 1577-இல் கோவாவில் ஜோவான் கொன்சால்வெஸ் தமிழ் அச்செழுத்துக்களை வார்த்தார். மறு ஆண்டு கொல்லத்தில் ஜோவான் த ஃபாரியா என்னும் பாதிரியார் வேறொரு தொகுதியை வார்த்தார். 16 பக்கமுள்ள 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபர் 20-ஆம் நாள் அங்கே அச்சேறியது. அதன் கடைசிப் பக்கத்தில் இருவகை எழுத்துக்களும் அவை செய்யப்பெற்ற ஊரும் ஆண்டும் குறித்துக் காட்டப்பட்டுள்ளன. பொன்முடியின் அடிவாரத்திலுள்ள வித்துராவில் வாழும் தமிழன்பர் ஒருவர் காலையில் புறப்பட்டுக் கொல்லத்தைக் கண்டு மாலைக்குள் வீடு திரும்பலாம். அச்சுத் தமிழ் அவருக்கு அத்துணை அண்மையில் பிறந்தது.

அதன்பின் நெடுங்காலம் அச்சுக்கலைஞரின் கவலை எழுத்தைச் சிறிதாக்குவதிலேயே இருந்தது. 1713-இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த எழுத்துக்கள் மிகப் பெரியனவாக இருந்தமையால் காகிதம் ஏராளமாகச் செலவாயிற்று. ஆகவே சிறிய எழுத்துக்கள் அங்கேயே வார்க்கப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தில் ஹண்ட் என்பவர் இக்கலையை மேலும் உயர்த்தினார். 1862-இல் வெளிவந்த வின்ஸ்லோவின் தமிழ் அகராதி அவர் அச்சிட்டதே.

பெரிய எழுத்தை மீண்டும் வேண்டியது வாணிகம். அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் லாட்டரிச் சீட்டு விளம்பரங்களுக்கென, தூண்போல் தடித்த கோடும் மயிரிழை போன்ற செரிப்பும் உடைய எழுத்துக்கள் தோன்றின. ஈயத்தில் வார்த்த பேரெழுத்து சுமையும் செலவும் மிக்கது. 1827-இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் மரத்தில் எழுத்துக் குடையும் இயந்திரத்தை அமைத்த பின்னர் அத்தொல்லை குறைந்தது. தமிழகத்தில் 1882-இல் தொடங்கிய 'சுதேசமித்திரன்' பின்னர் நாளிதழாயிற்று. 1942-இல் சி. பா. ஆதித்தனார் மதுரையில் 'தந்தி'யைத் தொடங்கினார். எளிய நடையும் பெரிய தலைப்பும் எழுத்துக்கூட்டிப் படிப்போரையும் நாளிதழ் வாசகராக்கின.

ஆயினும் சிற்றெழுத்தைப் பெருக்கினால் மட்டும் தலைப்பெழுத்து ஆகிவிடாது. எல்லாக் கோடுகளையும் ஒருசேரத் தடிக்கச் செய்தால் ண, ஞ போன்ற எழுத்துக்களின் உள்வெளி மையால் அடைபட்டுவிடும். 'மணம்' என்பது 'மனம்' எனத் தோன்றினால் பொருளே மாறிப்போகும் அன்றோ? எனவே நிற்கும் கோட்டைத் தடித்தும் படுக்கும் கோட்டை மெலிந்தும் அமைக்கும் முறை உதவிற்று. செரிப் எழுத்தின் பாதத்தை விடுத்து, அதன் தடிப்பு மெலிவை மட்டும் தமிழ் ஏற்றுக்கொண்டது எனலாம். இன்று ஈயம் மறைந்து கணிப்பொறி வந்துவிட்டது. ஆயினும் 'நோட்டோ செரிப் தமிழ்' என்னும் எழுத்துருவிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம்.

இன்னோர் இடர் எழுத்தின் மேலும் கீழும் உள்ளது. இகரக் குறி மேலே எழும். உகரக் குறி கீழே இறங்கும். இரண்டிற்கும் இடம் ஒதுக்கினால் நடுவெழுத்து சிறுக்கும். அன்றியும் தலைப்பின் ஒவ்வோர் அளவிற்கும் முழு எழுத்துத் தொகுதி தனியே வேண்டும். 1935-இல் பெரியார் தம் இதழ்களில் கையாண்டு, 1978-இல் தமிழக அரசு ஏற்ற சீர்திருத்தம் ணா, லை, னை போன்றவற்றின் தனி வடிவங்களை நீக்கியது. அதனால் அச்சுக்கோப்போரின் சுமை குறைந்தது. மொழிபெயர்ப்புப் பணி புரியும் நமக்கும் இதில் ஓர் அனுபவம் உண்டு. ஆங்கிலத்தில் நான்கு சிறு சொற்களில் அடங்கும் தலைப்பு, தமிழில் வரியைத் தாண்டி ஓடும். வேற்றுமை உருபையும் துணைவினையையும் களைந்து, பொருள் சிதையாமல் அதைச் சுருக்க வேண்டும்.

இவ்வரலாற்றால் நமக்கு ஆவது என்ன? பொன்முடி மலைச்சாரலின் தேயிலைத் தோட்டங்களில் பாடுபட வந்த தமிழ்க் குடும்பங்கள் உண்டு. மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் நம்மவர் பலர் உளர். இவர்தம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். பள்ளியில் வேறு மொழி கற்கின்றனர். தாய்மொழியைக் கேட்டால் விளங்கும், கண்டால் விளங்காது என்னும் நிலை பல இல்லங்களில் உள்ளது. ஒரு தலைமுறை இவ்வாறு கழிந்தால், பாட்டன் எழுதிய கடிதத்தைப் பேரன் பிறரிடம் கொடுத்துப் படிக்க நேரும்.

இதற்குத் தனிப் பள்ளியும் பாடநூலும் கிட்டாத இடத்தில் தமிழ் நாளிதழின் தலைப்பே முதற்பாடமாகலாம். எழுத்து பெரிது, சொற்கள் சில, பொருளோ அன்று ஊரார் பேசிக்கொள்வது. மலையாளம் கற்கும் பிள்ளைக்கு ண, த, ய முதலிய எழுத்துக்கள் முற்றும் புதியனவும் அல்ல. இரு மொழியிலும் அவை நெருங்கிய உருவுடையன. நாளுக்கு ஒரு தலைப்பை விரல் வைத்துப் படிக்கச் செய்தல் பெற்றோர் எவர்க்கும் இயலும். தெரிந்த எழுத்திலிருந்து தெரியாத எழுத்திற்கு அவர்களை அழைத்துச் செல்வோமாக.