ஃபாயென்சாவிலிருந்து புறப்பட்ட சொல்

துருக்கியில் கட்டடச் சாமான் கடைக்குப் போய் 'ஃபயான்ஸ்' என்று கேட்டால், குளியலறைச் சுவருக்கான டைல்ஸை எடுத்துக் காட்டுவார்கள். ரஷ்ய மொழியில் அதே சொல் சாப்பாட்டுத் தட்டுக்கும் ஆகும், கை கழுவும் தொட்டிக்கும் ஆகும். எகிப்தியக் கல்லறைகளைத் தோண்டுகிற தொல்லியலாளர்களோ நாலாயிரம் ஆண்டுப் பழமையான நீல மணிகளை 'ஃபையான்ஸ்' என்கிறார்கள். இத்தனைக்கும் பெயர் கொடுத்த ஃபாயென்சா, வட இத்தாலியில் ரவென்னா மாகாணத்தில் இருக்கிறது. அறுபதாயிரத்தை எட்டாத மக்கள்தொகை. அந்த ஊர்க் குயவர்களிடம் அவர்கள் செய்யும் பாண்டத்தின் பெயரைக் கேட்டால் 'மயோலிக்கா' என்பார்கள்.

ரோமானியர் காலத்தில் ஊரின் பெயர் ஃபவென்டியா. 'ஆதரவு காட்டு' என்ற பொருள்படும் இலத்தீன் வினையோடு சேர்த்துப் பார்க்கப்படும் பெயர் அது. நடுவிலிருந்த வகரம் தேய்ந்து, கடைசி எழுத்துகள் இளகி, ஃபாயென்சா ஆயிற்று. கி.மு. 187இல் போடப்பட்ட எமிலியாச் சாலை ஊரை ஊடுருவிச் செல்கிறது. அதையொட்டி இரண்டு சதுக்கங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்றில் ஆட்சிக் கட்டடங்கள், மற்றதில் தலைமைத் தேவாலயம். 1474இல், ஊரை ஆண்ட மன்ஃபிரேதி குடும்பத்து ஆயர் ஒருவர் தொடங்கிய தேவாலயம் இது. வரைந்தவர் ஃப்ளோரன்ஸின் ஜூலியானோ த மயானோ. முகப்புக்குப் பளிங்கு ஒட்ட வேண்டும் என்று செங்கற்களைப் பல்பல்லாக நீட்டி விட்டிருந்தார்கள். பளிங்கு வரவே இல்லை, செங்கல் பற்கள் இன்றும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. மன்ஃபிரேதிகளின் கதையும் அப்படி அரைகுறையாகத்தான் முடிந்தது. 1501இல் போப்பின் மகன் சேசரே போர்ஜா ஊரைப் பிடித்தான். பதின்பருவம் தாண்டாத கடைசித் தலைவன் அஸ்தோரே ரோமுக்குக் கொண்டுபோகப்பட்டு, அடுத்த ஆண்டு டைபர் ஆற்றில் பிணமாக மிதந்தான். அதன்பின் ஊர் போப்பாண்டவர் ஆட்சிக்குள் போயிற்று. அரசர்கள் இல்லாமற்போன அந்தக் காலத்தில்தான் ஊரின் பெயர் எல்லை கடக்கத் தொடங்கியது.

கடத்திக் கொண்டுபோனது ஒரு வெள்ளைப் பூச்சு. காரீயக் கண்ணாடிப் பூச்சில் வெள்ளீயச் சாம்பலைக் கலந்தால் அது ஒளி புகாத பால்வெள்ளையாகிவிடும். பழுப்பு மண் அடியில் மறைந்துவிடும். ஒன்பதாம் நூற்றாண்டு வாக்கில் ஈராக்கின் பஸ்ராக் குயவர்கள், சீனத்திலிருந்து வந்த வெண்பாண்டங்களைப் பார்த்து, அதற்குரிய மண் தம்மிடம் இல்லாததால் கண்ட வழி இது. எகிப்து, ஸ்பெயின் என்று நகர்ந்து இத்தாலிக்கு வந்தது. செய்முறை கேட்கச் சுலபம். பாண்டத்தை ஒருமுறை சுட வேண்டும். பூச்சுக் கரைசலில் முக்கி எடுக்க வேண்டும். உலர்ந்த பூச்சின்மேல் வண்ணம் தீட்டி மறுபடி சுட வேண்டும். கஷ்டம் நடுவில் இருக்கிறது. சுடாத பூச்சு வெறும் மாவு. தூரிகை பட்ட கணத்தில் ஈரத்தை உறிஞ்சிவிடும். இழுத்த கோடு இழுத்ததுதான், அழிக்க முடியாது.

பதினாறாம் நூற்றாண்டின் முற்பாதியில் உர்பினோ முதலிய ஊர்களில் தட்டு முழுவதையும் புராணக் காட்சிகளால் நிரப்புவது நாகரிகமாக இருந்தது. வெள்ளை கண்ணிலேயே படாது. 1540களை ஒட்டி ஃபாயென்சாக்காரர்கள் இதைத் தலைகீழாக்கினார்கள். பூச்சைத் தடிப்பாகப் போட்டு, தட்டை வெறுமையாகவே விட்டு, நடுவில் ஒரு சிறுவனையோ ஒரு குடும்பச் சின்னத்தையோ நீலத்திலும் மஞ்சளிலும் நாலு தீற்றலில் முடித்தார்கள். இவற்றுக்கு 'ஃபாயென்சா வெள்ளைகள்' என்றே பெயர். விர்ஜிலியோத்தோ கலமெல்லியின் பட்டறை இதில் பேர்பெற்றது. என் கண்ணுக்கு உர்பினோவின் நெரிசலைவிட இந்தச் சிக்கனம் மேலானது. அன்றைய செல்வர்களுக்கும் அப்படித்தான் பட்டிருக்க வேண்டும். ஐரோப்பிய அரண்மனைகளிலிருந்து முழு விருந்துத் தொகுதிகளாகவே கேட்டு வாங்கினார்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் வாங்கியபோது ஊர்ப் பெயரையே பொருளுக்கு வைத்தார்கள். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் 'ஃபையான்ஸ்' பிரெஞ்சு எழுத்தில் வந்துவிட்டது. ஆனால் பிரான்சின் நெவேர் நகரில் இந்தத் தொழிலை ஊன்றிய கோன்ராடே குடும்பத்தார் ஃபாயென்சாவைச் சேர்ந்தவர்கள் அல்லர். லிகூரியக் கடற்கரையின் அல்பிசோலாக்காரர்கள். அவர்கள் காலத்து நெவேர்க் கோமகனும் மாந்துவாவிலிருந்து வந்த இத்தாலியர். அதனால் என்ன, சரக்குக்கு முன்பே பெயர் விழுந்துவிட்டது. பிரான்சின் தென்பகுதியில் ஃபையான்ஸ் என்றே ஒரு சிற்றூர் உண்டு. சொல் எங்கள் மண்ணில் பிறந்தது என்று பிரெஞ்சு அபிமானிகள் சிலர் அதைக் காட்டிப் பார்த்தார்கள். எடுபடவில்லை.

1709இல் பதினான்காம் லூயி போர்ச் செலவுக்கு அரண்மனை வெள்ளியை உருக்கக் கொடுத்தபோது, பிரபுக்களும் தங்கள் வெள்ளித் தட்டுகளை அனுப்பிவிட்டு ஃபையான்ஸில் சாப்பிடத் தொடங்கினார்கள். ரூவான் முதலிய நகர்களின் சூளைகளுக்கு அது நல்ல காலம். நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் மலிவான வெளிர்மஞ்சள் பாண்டம் வந்து அந்தத் தொழிலைச் சாய்த்தது. அதில் வெள்ளீயப் பூச்சே கிடையாது. பிரெஞ்சுக்காரர்கள் அதையும் 'நேர்த்தியான ஃபையான்ஸ்' என்றார்கள்! ரஷ்யத் தட்டுக்கும் தொட்டிக்கும் இந்தப் பெயர் போனது இப்படிச் சொல் தளர்ந்ததால்தான்.

சரி, ஃபாயென்சாக்காரர்கள் சொல்லும் மயோலிக்கா எங்கிருந்து வந்தது? ஸ்பெயினின் மினுக்குப் பாண்டங்களை ஏற்றிவந்த கப்பல்கள் மயோர்காத் தீவு வழியாக வந்தன, அந்தத் தீவின் பெயர் அது என்பது பழைய விளக்கம். மாலகா நகரப் பாண்டம் என்ற ஸ்பானியத் தொடரின் திரிபு என்பாரும் உண்டு. எப்படியானாலும் வெளியூர்ப் பெயர்தான். ஆங்கிலேயர் ஹாலந்திலிருந்து வாங்கியதை 'டெல்ஃப்ட்' என்றார்கள். வெள்ளீயப் பூச்சு ஒன்றே. வாங்குகிறவன் தனக்கு விற்றவனின் ஊரைச் சொன்னான், அவ்வளவுதான். துருக்கியர் கதை இன்னும் சுவையானது. இஸ்னிக் சுவரோடுகள் அவர்களுடைய சொந்தப் பெருமை. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'சினி', சீனத்தது என்று பொருள்.

எகிப்திய மணிகளுக்கு வருவோம். அவற்றில் களிமண்ணே இல்லை என்று சொல்லலாம். அரைத்த குவார்ட்ஸ் மணலோடு கொஞ்சம் சுண்ணாம்பும் சோடா உப்பும் செம்பும் சேர்த்துப் பிசைந்து உலர்த்தினால், உப்பு மேற்பரப்புக்குப் பூத்து வரும். சுடும்போது அதுவே நீலக் கண்ணாடிப் பூச்சாகிவிடும். சக்காராவில் ஜோசரின் படிப் பிரமிடுக்கு அடியில் உள்ள அறைகளில் இப்படிச் செய்த ஓடுகள் ஆயிரக்கணக்கில் பதிக்கப்பட்டன. எகிப்தியர் அதை 'ஒளிர்வது' என்ற பொருளில் 'செஹெனெத்' என்றார்கள். பளபளப்பைக் கண்ட ஐரோப்பியர் தங்கள் வீட்டுத் தட்டின் பெயரைச் சூட்டிவிட்டார்கள். ஹரப்பாவின் வளையல்களும் மணிகளும் அதே வகையில் அதே பெயரைப் பெற்றன. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 'பூச்சிட்ட கலவை' என்று பட்டியலிட்டுத் திருத்தப் பார்க்கிறது. துல்லியமான பெயர்தான், ஆனால் ஆய்வுக் கட்டுரைகள் ஃபையான்ஸை விடுவதாக இல்லை.

ஃபாயென்சாவின் அருங்காட்சியகம் இந்த வம்பில் இறங்கவில்லை. அந்த ஊரில் வளர்ந்த, காற்றழுத்தமானி கண்ட தொர்ரிச்செல்லி பிறந்த முந்நூறாவது ஆண்டுக்காக 1908இல் ஒரு பொருட்காட்சி நடந்தது. அதிலிருந்து கயெதானோ பல்லார்தினி உண்டாக்கிய நிறுவனம் இது. ஃபையான்ஸும் வேண்டாம் மயோலிக்காவும் வேண்டாம் என்று 'பன்னாட்டுச் செராமிக் அருங்காட்சியகம்' எனப் பெயர் வைத்தார்கள். 1944இல் குண்டுவீச்சில் அது நொறுங்கியது. அதே ஆண்டு பின்வாங்கிய ஜெர்மானியர் சதுக்கத்துக் கடிகாரக் கோபுரத்தையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள். கோபுரத்தைப் பழைய வடிவிலேயே திரும்பக் கட்டினார்கள். உடைந்துபோன சேகரிப்புக்கு ஈடாகப் பல்லார்தினி நாடு நாடாகக் கடிதம் எழுதிப் பாண்டங்கள் கேட்டார். பிக்காசோவும் தன் கையால் செய்தவற்றை அனுப்பிவைத்தார்.