விவாக வயதும் வரலாற்றின் தீர்ப்பும்

மன்னார்த் தீவிலே, தலைமன்னாருக்குச் செல்லும் வீதியை அடுத்துள்ள தாராபுரம் எனது பிறப்பிடமாகும். அவ்வூர் முஸ்லிம் பெண்ணொருத்திக்கும், அயலூர்ச் சைவ, கத்தோலிக்கப் பெண்களுக்கும் விவாகத்திற்குரிய வயதை வெவ்வேறு சட்டங்களே வரையறுத்து வந்துள்ளன. தீவு ஒன்று, மொழி ஒன்று, பராயம் மாத்திரம் வேறு. உயர்தர வகுப்பிலே இந்திய வரலாறு படிப்பிக்கையில் மாணவியொருத்தி, “1891 இல் பிழை செய்தவர் திலகரா, ஆங்கிலேயரா?” என வினவினாள். அன்று என்னால் விடை கூற இயலவில்லை. அவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணம்.

1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டக்கோவை, பத்து வயதுக்குட்பட்ட சிறுமியைக் கூடுதல், அவள் மனைவியேயாயினும், குற்றமெனக் கொண்டது. பத்து வயது கடந்தவளுக்கோ அச்சட்டத்திற் காப்பில்லை. கல்கத்தாவிலே பூல்மணி தாசி என்னும் சிறுமி, பத்து வயதைக் கடந்த நிலையில், தன்னினும் பன்மடங்கு மூத்த கணவனின் செயலால் உயிர் நீத்தாள். 1890 இல் நடந்த விசாரணையில் அவனுக்குக் கிடைத்தது ஓராண்டுக் கடுங்காவலே. சட்டம் வகுத்த எல்லையை அவள் தாண்டியிருந்தமையே அவனைப் பெருந்தண்டனையினின்றும் காத்தது.

பெஹ்ராம்ஜி மலபாரி என்னும் பார்சிப் பத்திரிகாசிரியர் 1884 தொடக்கம் எழுப்பிய குரலும் இம்மரணமும் சேர்ந்தே அரசை அசைத்தன. 1891 மார்ச்சு 19 இல் அவ்வயது பன்னிரண்டாக உயர்த்தப்பட்டது. அதனை மும்முரமாக எதிர்த்தவர் பால கங்காதர திலகர். அவரை இளமை விவாகத்தின் காவலரென்று கூறிவிடுதல் எளிது. ஆனால் உண்மை அத்துணை எளிதன்று. சீர்திருத்தம் விரும்புவோர் தம் பெண்களுக்குப் பதினாறு வயதுக்கு முன் மணம் முடிக்காதிருக்கத் தாமாகவே உறுதிபூணட்டும் என 1890 இல் மொழிந்தவரும் அவரே. அந்நிய அரசு எம் இல்லத்துட் புகலாகாது என்பதே அவர் வாதம். அவ்வாதத்தின் வலிமையை நான் மறுக்கவில்லை. எனினும் இல்லத்தினுள்ளே இறந்து கிடந்த சிறுமிக்கு அதில் விடையில்லை.

இனி, தீர்ப்புக் கூறிய ஆங்கிலேயரின் வீட்டை நோக்குவோம். 1275 இல் அங்கு வகுக்கப்பட்ட வயது பன்னிரண்டு. ஆறு நூற்றாண்டுகள் கழித்து, 1875 இலேதான் அது பதின்மூன்றாயிற்று. ஸ்டெட் என்னும் பத்திரிகாசிரியர் இலண்டனில் ஏழைச் சிறுமியர் விலைப்படுதலை அம்பலப்படுத்திய பின்னர், 1885 இல், பதினாறாயிற்று. ஆயினும் விவாக வயதோ பெண்ணுக்குப் பன்னிரண்டாகவே நின்றது. 1929 இலேதான் அங்கு அது பதினாறாக உயர்த்தப்பட்டது. அதே 1929 இல் இந்தியாவிலே சாரதா சட்டம் பெண்ணின் விவாக வயதைப் பதினான்காக்கிற்று. ‘நாகரிகம் கற்பிக்க வந்தோம்’ என்றவரும், கற்பிக்கப்பட்டோரும் ஒரே ஆண்டில் அப்பாடத்தைப் படித்தனர் போலும்!

இலங்கையிலே நடந்தது இன்னும் வியப்புக்குரியது. 1907 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் ஆணுக்குப் பதினாறும் பெண்ணுக்குப் பன்னிரண்டும் குறைந்த வயதென வகுத்தது. ஆனால் பெண் ஐரோப்பியர் அல்லது பறங்கியர் மகளாயின் பதினான்கு என்றது. தமிழச்சிக்கும் சிங்களத்திக்கும் பன்னிரண்டில் நிறையும் பராயம் பறங்கிப் பெண்ணுக்கு மாத்திரம் ஈராண்டு பிந்தி நிறைவதேன்? எந்த உடற்கூற்று நூலிலும் இதற்கு ஆதாரமில்லை. பண்பாட்டு வேறுபாட்டிற்கு மதிப்பளித்தல் என்பது சில வேளைகளில் பிறர் மகளை மலிவாக மதித்தலின் மறுபெயரே என்பதை இவ்வொரு பிரிவு எனக்கு உணர்த்தியது.

1995 இல் பொதுச்சட்டத்தின் விவாக வயது பதினெட்டாயிற்று. சம்மத வயது பதினாறாயிற்று. ஆயினும் தண்டனைச் சட்டக்கோவையில், பன்னிரண்டு வயது கடந்த மனைவியைப் பொறுத்து விலக்கொன்று விடப்பட்டது. பொதுச்சட்டத்தின் கீழ் அத்தகைய மனைவி இனி இருத்தல் இயலாது. ஆகவே அவ்விலக்கு எச்சமூகத்துச் சிறுமியர்மேல் விழும் என்பதை விளக்க வேண்டுவதில்லை. 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் குறைந்த வயதெதையும் வகுக்கவில்லை. பன்னிரண்டுக்குட்பட்டவளாயின் காதியாரின் அனுமதி வேண்டுமென்றே கூறிற்று.

இஃது எம் சமயத்தின் ஒரே குரல் என்பாருக்கு வரலாறு வேறு விடை கூறும். உதுமானியப் பேரரசின் 1917 ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டம் பெண்ணுக்குப் பதினேழு என்றது. எகிப்து 1923 இல் பதினாறு என்றது. பண்பாடு என்பது ஒருவர் வாயிலிருந்து மாத்திரம் பேசுவதன்று. பதினொரு வயதில் மணமுடிக்கப்பட்ட ருக்மாபாய், கணவனுடன் வாழேன் என நீதிமன்றில் நின்றார். 1887 இல், அவனிடஞ் செல், அன்றேல் சிறை செல் எனத் தீர்ப்பானபோது சிறையையே தெரிந்தார். 1888 இல் பணங்கொடுத்து விடுபட்டு, இலண்டனில் மருத்துவங் கற்று மீண்டார். அவரும் அப்பண்பாட்டின் மகளே. திலகரின் மராத்தியே அவர் மொழியும்.

என் உம்மம்மா பதின்மூன்று வயதில் மணமானவர். அவரையோ, அவர்தம் தந்தையாரையோ குற்றவாளியாக்க என் மனம் இசையாது. அன்று அவர்கள் கண்ட உலகு அது. ஆனால் 1990 இல் நாங்கள் தீவிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக் கிடுகுக் கொட்டிலில் வாழ்ந்த காலத்தில், பேத்திமாருக்கு மணம் பேசி வந்தோரையெல்லாம் அவரே வாசலோடு திருப்பியனுப்பினார். காரணங் கேட்டேன். “அப்ப எனக்கு என்ன தெரியும் மகன்? இப்ப தெரியும்” என்றார். மாணவியின் வினாவுக்கு நான் கண்ட விடையும் அதுவே. அறியாதிருந்தோரைக் காலத்தோடு வைத்து நோக்கலாம்; அறிந்தபின்னும் காலத்தைக் காரணங் காட்டுவோரை அவ்வாறு நோக்கலாகாது. 1891 இல் பூல்மணியின் கதையைப் பத்திரிகையிற் படித்தோர் அறிந்தோரே.

புத்தளத்து முஸ்லிம் பெண்கள் சிலரும் 1951 ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்துமாறு நெடுங்காலம் வேண்டி நின்றனர். 2009 இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் நியமனமான குழு, 2018 இல் அறிக்கை கையளிக்கையில், இரு கருத்தாகப் பிரிந்து நின்றது. அச்சட்டத்தின்படி விவாகப் பதிவேட்டிலே மணமகன் ஒப்பமிடுவான்; பெண்ணின் வலீ ஒப்பமிடுவார். மணமகள் ஒப்பமிட வேண்டுமென 1951 இல் எவருக்கும் தோன்றவில்லை.