கடைசல் மரவேலைக்கான வெற்றிடப் பிடிப்பான்

வெற்றிடப் பிடிப்பான் என்பது, கடைசல் இயந்திரத்தில் சுழலும் மரத்தைத் தாடைகளாலோ திருகுகளாலோ கவ்வாமல், அதன் ஒரு பக்கத்துக் காற்றை உறிஞ்சி நீக்கி, மறுபக்கத்து வளிமண்டல அழுத்தமே அதை அழுத்திப் பிடிக்குமாறு செய்யும் துணைக்கருவியாகும். பட்டறைகளில் இதனை வேக்குவம் சக் என்பர். கிண்ணம், தட்டு போன்ற அகன்ற பொருள்களின் அடிப்பகுதியைக் கடைந்து முடிக்கும் இறுதிக் கட்டத்தில்தான் இது பெரிதும் தேவைப்படுகிறது. உட்புறத்தைக் குடையும்போது பிடிமானமாக இருந்த அடிக்கட்டையையும் திருகுத் துளைகளையும் நீக்க வேண்டுமானால் பொருளைத் திருப்பி மாட்டியாக வேண்டும். ஆனால் சுவர் மெலிந்துவிட்ட கிண்ணத்தை இரும்புத் தாடைகள் கவ்வினால் விளிம்பு பிளக்கும், அல்லது தாடையின் தடம் பதிந்துவிடும்.

தமிழகத்தின் மரபான கடைசல் வேலையில் இச்சிக்கல் பெரிதாக எழவில்லை. கட்டில் கால், தொட்டில் கம்பு, மத்து ஆகியவை இரு முனைகளுக்கிடையே நிறுத்தப்பட்ட கட்டையிலிருந்து கடையப்படுபவை. அம்பாசமுத்திரத்தின் மரச் சொப்புச் சாமான்களோ ஒரு முனையில் இறுக்கப்பட்ட கட்டையிலேயே உருப்பெற்று, சுழலும்போதே அரக்கு வண்ணம் ஏற்றப்பட்டு, அதன் பின்னரே அறுத்தெடுக்கப்படுபவை. அகன்ற பாத்திரங்களைக் கடைய முற்படுவோர்க்கே திருப்பி மாட்டும் கருவி தேவையாகிறது. விற்பனைக்கு வரும் ஆயத்தப் பிடிப்பான்களின் விலையை நோக்க, அதைச் சொந்தமாகச் செய்துகொள்வதே சிறு பட்டறைக்குப் பொருந்தும். பாசனக் குழாய் விற்கும் கடைகளும், மோட்டார் பம்புகளைப் பழுது நீக்கும் லேத் பட்டறைகளும் அமைந்த கம்பம் போன்ற வேளாண் ஊரில் அதற்கு வேண்டிய பெரும்பாலான பொருள்களைத் திரட்டுவது கடினமன்று.

வெற்றிடம் பொருளை இழுப்பதாகச் சொல்வது வழக்கமாயினும், உண்மையில் வேலை செய்வது வெளிக்காற்றின் எடையே. 1657இல் ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் ஓட்டோ ஃபான் கெரிக்கே காற்று நீக்கிய இரு செப்பு அரைக்கோளங்களைக் குதிரைகள் பூட்டி இழுக்கச் செய்தும் பிரிக்க இயலாமற் போனது இவ்வெடையின் வலிமையைக் காட்டியது. கடல் மட்டத்தில் இவ்வழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோகிராமுக்குச் சற்று மேலான எடைக்குச் சமம். சுமார் 400 மீட்டர் உயரத்திலுள்ள கம்பத்தில் அது ஏறக்குறைய 725 மில்லிமீட்டராகவும், சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மேகமலையில் 635 அளவாகவும் குறைகிறது. ஆகவே எவ்வளவு சிறந்த பம்பைப் பூட்டினாலும் கம்பத்துப் பட்டறையின் வெற்றிட அளவி 725ஐத் தாண்டாது. இதைப் பம்பின் குறையென்று எண்ணிப் பழுதுபார்க்கக் கொண்டுசெல்வது வீண்.

பிடிப்பின் வலிமை, அழுத்த வேறுபாட்டைப் பரப்பளவால் பெருக்கக் கிடைப்பது. 500 மில்லிமீட்டர் வெற்றிடத்தில் 75 மில்லிமீட்டர் பிவிசி குழாயால் செய்த பிடிப்பான் சுமார் 26 கிலோ விசையையும், 110 மில்லிமீட்டர் குழாய் 56 கிலோவையும், 160 மில்லிமீட்டர் குழாய் 120 கிலோவையும் தரும். விட்டம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்பதால், பொருளின் வடிவம் இடங்கொடுக்கும் அளவுக்கு அகன்ற குழாயைத் தேர்வதே முதற்பெரும் முடிவு. பம்பின் திறனைப் பற்றிய கவலை அதற்கு அடுத்ததே.

பம்பைத் தேர்கையில் எட்டக்கூடிய வெற்றிடத்தைவிட, நிமிடத்துக்கு எவ்வளவு காற்றை வெளியேற்றும் என்பதையே மிகுதியாகக் கருத வேண்டும். மரம் நுண்துளைகள் நிறைந்தது, அதன் வழியே காற்று ஓயாமல் கசியும். ஏசி பழுதுபார்ப்போர் வைத்திருக்கும் எண்ணெய்ப் பம்பு ஏறத்தாழ முழு வெற்றிடத்தை எட்டும். ஆனால் கசிவு மிகுந்த மரத்தில் தொடர்ந்து ஓடினால் போக்குவாய் வழியே எண்ணெய்ப் புகையைக் கக்கும். பழைய குளிர்பதனப் பெட்டியின் கம்ப்ரசர் மலிவானது, ஓசையும் குறைவு. எனினும் அது வெளியேற்றும் காற்றின் அளவு சிறிது, குளிர்விக்கும் வாயு உள்ளே திரும்பி வராததால் விரைவில் சூடேறும், தன் எண்ணெயையும் சிறிது சிறிதாகத் துப்பிவிடும். அதைக் கழற்றுமுன் உள்ளிருக்கும் வாயுவைத் தேர்ந்த மெக்கானிக்கைக் கொண்டு அகற்றுவது கட்டாயம். அண்மைக்காலப் பெட்டிகள் பலவற்றில் உள்ள ஆர்600ஏ எனும் ஐசோபியூட்டேன் எளிதில் தீப்பற்றக்கூடியது. இவற்றைவிடக் கவனிக்கத்தக்கது பால் கறவை இயந்திரத்தின் பம்பு. மாட்டின் மடிக்கேற்ப அது இயங்கும் வெற்றிடம் 375 மில்லிமீட்டர் அளவே. ஆனால் அது வெளியேற்றும் காற்று மிகுதி. அந்தப் பாதி வெற்றிடமும் 160 மில்லிமீட்டர் குழாயில் 90 கிலோ விசை தரும். 75 மில்லிமீட்டர் குழாயில் 700 மில்லிமீட்டர் வெற்றிடம் தருவதோ 37 கிலோவுக்கும் குறைவு.

நின்றுகொண்டிருக்கும் பம்பையும் சுழன்றுகொண்டிருக்கும் தண்டையும் இணைக்கும் சுழல் இணைப்பே இவ்வமைப்பின் நுட்பமான உறுப்பு. உள்துளை கொண்ட சுழல்தண்டின் பின்முனையில், மரையிட்ட துளைக்கம்பி ஒன்று நுழைந்து, முன்புறப் பிடிப்பான் வரை காற்றுக்கு வழிவிடுகிறது. இக்கம்பியின் வெளிமுனை, இருபுறமும் ரப்பர் மூடியுள்ள பேரிங்கின் உள்வளையத்தில் இறுக்கமாகப் பொருந்த, பேரிங்கின் வெளிவளையம் நைலான் அல்லது அலுமினியக் கூட்டில் அமர, அக்கூட்டிலிருந்து பம்புக்குக் குழல் செல்கிறது. 12 மில்லிமீட்டர் உள்விட்டமும் 32 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் உள்ள 6201 எண் பேரிங் இதற்குப் போதும். கூட்டைக் கடைந்து தருவது டர்னர் ஒருவருக்குச் சிறு வேலை. ரப்பர் மூடி தூசியைத் தடுக்க அமைந்ததே அன்றி வெற்றிடத்துக்காக அமைந்ததன்று என்பதால் சிறிதளவு கசிவு இருக்கவே செய்யும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். சில கடைசல் இயந்திரங்களின் தண்டு உள்துளையற்ற முழுக் கம்பியாக இருக்கும். அங்கு தண்டையே துளையுள்ளதாக மாற்றாமல் இம்முறை கைகூடாது.

பிடிப்பானின் உடல், தடித்த பிளைவுட் வட்டில் வெட்டிய பள்ளத்தில் பிவிசி குழாய்த் துண்டை எப்பாக்ஸி பசையால் பதித்துச் செய்யப்படுகிறது. பிளைவுட்டின் ஓரங்களும் எம்டிஎஃப் பலகையின் முழுப் பரப்பும் காற்றைக் கசியவிடுபவை ஆதலால், அவற்றுக்கு இருமுறையேனும் வார்னிஷ் பூசுவது அவசியம். குழாயின் வாயைத் தனியே சீராக்காமல், பிடிப்பானை இயந்திரத்திலேயே மாட்டிச் சுழலவிட்டு உளியால் சமன்செய்து, உள்ளும் வெளியும் கூர் நீங்க வளைவாக்க வேண்டும். அதன்மேல் செருப்புக்கடைச் சாமான் விற்கும் இடங்களில் கிடைக்கும் மெல்லிய இவிஏ ரப்பர்த் தகட்டை ஒட்டினால் காற்றடைப்பும் உராய்வும் ஒருங்கே கிடைக்கும். உராய்வை இங்கே சிறப்பாகக் குறிப்பிடக் காரணம், உளி மரத்தைப் பக்கவாட்டில் திருப்ப முயலும்போது அதைத் தடுப்பது அழுத்தவிசை நேரடியாக அன்று, அவ்விசையால் ரப்பரில் எழும் உராய்வே என்பதுதான்.

பம்புக்கும் சுழல் இணைப்புக்கும் இடையே வெற்றிட அளவி, தூசியைத் தடுக்கும் வடிகட்டி, வெளிக்காற்றை வேண்டிய அளவு உள்ளே விடும் வால்வு ஆகியவை இடம்பெறுகின்றன. பைக்கின் பெட்ரோல் வடிகட்டியைச் சிறு பம்புக்குப் பயன்படுத்தலாம். வால்வை ஆடம்பரமென்று விட்டுவிடுவது பெரும்பிழை: 15 சென்டிமீட்டர் அகலமுள்ள கிண்ணத்தின் அடி மூன்று மில்லிமீட்டராக மெலிந்த நிலையில் நூறு கிலோவுக்கு மேற்பட்ட காற்றின் எடை அதன்மேல் நின்றால், அடி உள்நோக்கி உடைந்து நொறுங்கும். சுவர் மெலிய மெலிய வால்வைத் திறந்து வெற்றிடத்தைக் குறைப்பதே முறை.

அமைப்பைச் சோதிக்க, முதலில் கிரீஸ் தடவிய தடித்த அக்ரிலிக் தகட்டால் பிடிப்பானின் வாயை மூடி அளவியைப் படிக்க வேண்டும். அதுவே அமைப்பின் உச்ச அளவு. பின்னர் மரத்தை வைக்கும்போது காணும் வீழ்ச்சி முழுவதும் மரத்தின் கசிவு. தகட்டுக்கே 400 மட்டும் காட்டினால் குறை இணைப்புகளில் உள்ளது; தகட்டுக்கு 680 காட்டி மரத்துக்கு 300 காட்டினால் மரத்தின் மேற்பரப்பில் சாண்டிங் சீலரோ மெழுகோ பூசிப் பார்க்கலாம், அல்லது கடையாத பகுதியில் ஒட்டுநாடாவைச் சுற்றலாம். வெடிப்பு விழுந்த மரத்தையும் முடிச்சு உதிர்ந்த மரத்தையும் இம்முறையில் மாட்டாமலிருப்பதே நன்று.

மின்தடை இவ்வமைப்பின் உண்மையான அபாயம். மின்சாரம் நின்றவுடன் பம்பு நின்றுவிடும். கனமான தண்டும் மரமும் மேலும் சில விநாடிகள் சுழன்றுகொண்டிருக்க, கசிவால் பிடிப்பு தளர்ந்து மரம் பறக்கக்கூடும். இதனால் பம்பை அடுத்து ஒருவழி வால்வும், அதற்கப்பால் வெற்றிடத்தைச் சேமித்து வைக்கும் சேமக்கலமும் வைக்கப்படுகின்றன. 10 கிலோ அழுத்தத் தரமுள்ள 160 மில்லிமீட்டர் பிவிசி குழாயில் ஒரு மீட்டரை இருபுறமும் மூடினால் 16 லிட்டர் கொள்ளளவு கிடைக்கும். மலிவான மெல்லிய குழாயும் தண்ணீர்க் கேன்களும் வெளிக்காற்றின் அழுத்தத்தால் ஒடுங்கிவிடும். அவற்றை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. இவற்றோடு, எதிர்முனைத் தாங்கியான டெயில்ஸ்டாக்கை இயன்றவரை முட்டுக்கொடுத்தே வைத்திருந்து, மையத்தில் எஞ்சும் சிறு குமிழை நீக்கும்போது மட்டும் விலக்குவதும், வேகத்தைக் குறைத்து மெல்லிய சீவல்களாக எடுப்பதும் பாதுகாப்பான முறை.

தேங்காய்ச் சிரட்டையை மெருகேற்றவும் இப்பிடிப்பான் பயன்படும். சிரட்டை அடர்த்தியானது, கண் உள்ள பகுதியை மெழுகால் அடைத்துவிட்டால் கசிவு குறைவு. ஆனால் 50 மில்லிமீட்டர் வாயுள்ள பிடிப்பானில் 500 மில்லிமீட்டர் வெற்றிடத்தில் கிடைக்கும் விசை 13 கிலோ அளவே என்பதால், அதில் உப்புத்தாள் தேய்ப்பும் மெருகும் செய்யலாம், உளி வைக்கலாகாது.